ஒன்றாம் வகுப்பு நிறுத்திய ரயில்

நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் வயலும் கண்மாயும் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் பிறந்தவள் நான். ஆசிரியர் பயிற்சி முடித்ததும் முதல் வேலை ராமேஸ்வரம் தீவில் கிடைத்தது. தங்கச்சிமடத்தைத் தாண்டி ஒரு சிறிய கடற்கரைக் கிராமம். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளி. அதில் ஒன்றாம் வகுப்பு. ஐம்பதுகளின் கடைசி அது. தீவுக்குப் போக ரயில், அதை விட்டால் தோணி. என்னைக் கொண்டுவந்து விட வந்த அய்யா, ரயில் பாம்பன் பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டவர், மண்டபத்துக்குத் திரும்பும்போதும் மூடிக்கொண்டுதான் போயிருப்பார். நான் மூடிக்கொள்ளவில்லை. ஆனால் கீழே பார்க்கவுமில்லை.

சேர்ந்த முதல் வாரமே பாதுகாப்புப் பாடம் வந்தது. பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி கரும்பலகையில் ஒரு கிணறும் ஒரு குளமும் வரைந்தேன். "கிணறு, குளம், ஆறு, கடல் பக்கம் பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது" என்றேன்.

வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், எங்க வீடே அங்கனதான் இருக்கு."

"வெளிய தெருவப் போறதும் அங்கனதான் டீச்சர்" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது ஒரு பெண் கையைத் தூக்கினாள். தோணி வைத்துக் கருவாட்டு வியாபாரம் செய்த முஸ்லிம் வீட்டுப் பெண். நான் வருவதற்கு முன்பே தன்னைத்தானே வகுப்புக்குச் சட்டாம்பிள்ளையாக நியமித்துக்கொண்டவள். நானும் அதை மாற்றவில்லை.

"டீச்சர், ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீங்க போகாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்றைய பாதுகாப்புப் பாடம் அதோடு முடிந்தது.

அடுத்து 'நமக்கு உதவுவோர்' பாடம். அதற்கு மேலிடத்திலிருந்து ஒரு வண்ணப் படம் வந்திருந்தது. தபால்காரர், நர்ஸ், தீயணைப்பு வண்டி, நாற்சந்தியில் வட்ட மேடையில் நின்று கையை நீட்டும் போலீஸ்காரர். தபால்காரரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போலீஸ்காரர் எதற்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டார்கள். வண்டிகள் மோதிக்கொள்ளாமல் இருக்க என்றேன். எங்கள் தெருவில் வந்துபோன வண்டி ஒரே ஒரு ஜட்கா குதிரைவண்டி. அது எதோடு மோதும் என்று அவர்களுக்குப் புரியவில்லை. தீயணைப்பு வண்டியைப் பார்த்து ஒருவன், "தீப்பிடிச்சா இது எப்படி டீச்சர் வரும்? ரயில்ல ஏத்திவிடுவாகளா?" என்று கேட்டான்.

படத்தைச் சுருட்டி வைத்தேன். "சரி, உங்களுக்கு யாரெல்லாம் உதவுறாங்க? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் ஆரம்பித்தார்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறவர். மாதா கோயிலில் மணி அடிக்கிறவர். பிள்ளைப்பேறு பார்க்கும் ஆயிசம்மா. நல்ல தண்ணீர் ஊற்றில் சண்டை வராமல் வரிசை போட்டு வைக்கும் கிழவி. கரை தெரியாமல் தவிக்கிற தோணிக்கு விளக்குக் காட்டுகிறவர். கரும்பலகை நிறைந்துவிட்டது. அழித்து மறுபடியும் எழுதினேன்.

இவர்களில் சிலரை வகுப்புக்கே அழைத்து வரலாமா என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். அவர் பரமக்குடிப் பக்கத்துக்காரர், எதற்கும் சட்டென்று தலையாட்டாதவர். யார் யார் என்று ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு, "அழைச்சுட்டு வாங்க. ஆனா யாரும் பள்ளிக்கூடத்துக்குள்ள பீடி குடிக்கக் கூடாது" என்றார்.

முதலில் வந்தவர் பிள்ளைப்பேறு பார்க்கிற அம்மாள். தலையில் முக்காடு, வாயில் வெற்றிலை. வந்து தரையிலேயே உட்கார்ந்து பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இங்கன இருக்கிற பாதிப் பேரு மூஞ்சிய மொதல்ல பாத்தவ நாந்தான். ஒங்க அம்மாமார்களுக்கெல்லாம் ரெண்டாவதுதான் காட்டினேன்" என்றார்.

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வேதக்கார வீடானாலும், துலுக்க வீடானாலும், இந்து வீடானாலும் பிறந்ததும் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் அழும் என்று சொல்லி, அழுதும் காட்டினார். பிறகு ஒவ்வொருவரையும் காட்டி, யார் கொட்டுகிற மழையில் பிறந்தது, யார் பிறந்ததும் தும்மியது என்று சொன்னார். அவர் போன பிறகு அன்று முழுக்க, யார் யாருக்கு மூத்தவர் என்ற சண்டை ஓயவில்லை. அவர் கைக்கு வராமல் பாம்பன் ஆஸ்பத்திரியில் பிறந்த ஒரு பையன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவனுடைய அம்மா வந்து, "ஏன் டீச்சர் இவன் என்னைய ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனேன்னு கேக்குறான்?" என்று என்னிடம் விசாரித்தாள்.

அந்த நாட்களில்தான் புதிதாக ஒரு பெண்பிள்ளையை அவளுடைய அம்மா கொண்டுவந்து சேர்த்தாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் கரையில் மீன் காயவைக்கிறவள். பெண்ணுக்கு ஆறு வயதிருக்கும். பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை.

"இவ படிக்கணும்னு இல்ல டீச்சர். சும்மா உக்காந்திருந்தாப் போதும். நான் கருவாட்டுக்குப் போயிட்டா தண்டவாளத்துக்கு ஓடிருறா. ரயில்னா அம்புட்டு ஆசை. வர்றது கேக்காதுல்ல. கீமேன்தான் ரெண்டு தடவ தூக்கிட்டு வந்து விட்டாரு" என்றாள் தாய்.

கீமேன் என்பது தினமும் தண்டவாளத்தோடு நடந்து போய் ஆணி, பட்டை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ரயில்வே ஊழியர். எங்கள் ஊருக்குப் பின்னால், முள் நிறைந்த உடை மரங்களுக்கு அந்தப் பக்கம்தான் தண்டவாளம் போனது. வேலி ஏதும் கிடையாது.

அந்தப் பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முதல் நாள் பிள்ளைகள் அவளை 'ஊமைச்சி' என்றார்கள். அப்படிச் சொல்லக் கூடாது, அவளுக்குப் பேர் இருக்கிறது, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன். சட்டாம்பிள்ளைதான் யோசித்துக் கேட்டாள்: "பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவளுக்குக் கேக்காதே டீச்சர், பெறகு எப்படிக் கூப்பிடுறது?"

"நீயே ஒரு வழி கண்டுபிடி" என்றேன். எனக்கும் தெரியாததால்தான் அப்படிச் சொன்னேன்.

அவள் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் காதுக்குள் கத்திப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு நடந்தது எனக்கு முழுதாகத் தெரியாது, ஏனென்றால் எனக்குத் தெரியாமலே நடந்தது. அலை அடிப்பதுபோல் கையை ஆட்டினால் கடல். கன்னத்தில் விரலால் குத்தினால் இடியாப்பம். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினால் மாதா கோயில். காதுமடலைத் தொட்டால் பாங்கு சொல்லும் நேரம். நெற்றியில் மூன்று விரலால் இழுத்தால் தலைமையாசிரியர், அவர் பட்டை போடுகிறவர் என்பதால். ஒரு மாதத்துக்குள் வகுப்பு முழுவதும் கையால் பேசப் பழகிவிட்டது.

தலைமையாசிரியர் ஒருநாள் வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணாம் வகுப்பை இவ்வளவு அமைதியா யாரும் வச்சிருந்ததில்ல" என்று என்னைப் பாராட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் முப்பது கைகள் பேசிக்கொண்டிருந்தன. நெற்றியில் மூன்று விரல் இழுப்பதும் அதில் இருந்தது.

ஆனால் தண்டவாளம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண் பள்ளிக்கு வந்தபிறகும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடை மரங்களுக்கு அப்பால் போய்விடுவாள். சட்டாம்பிள்ளை பின்னாலேயே ஓடி இழுத்து வருவாள்.

தெற்கேயிருந்து சோழகக் காற்று பலமாக அடித்த ஒரு நாள், பிள்ளைகளை மணலில் எழுதிப் பழக வெளியே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தேன். ஏதோ நிழல் ஓடியதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் ரயில் போய்க்கொண்டிருக்கிறது. அது ஊதியது எனக்குக் கேட்கவே இல்லை. காது நன்றாகக் கேட்கும் முப்பது பிள்ளைகளுக்கும் கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும் காலடியில் தரை அதிர்வதை உணர்ந்து முன்பே திரும்பி நின்றிருந்தாள்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. காற்றடிக்கிற நாளில் இந்தக் கரையில் எல்லோருக்கும் காது கேட்காது. அப்படியானால் அவளுக்கென்று தனிப் பாடம் எதற்கு? மறுநாளே எல்லோரையும் தண்டவாளத்துக்கு அருகே இருந்த ஒரு சாய்ந்த உடை மரம் வரை கூட்டிப் போனேன். அந்த மரத்தைத் தாண்டுவதற்கு முன் எல்லோரும் நிற்க வேண்டும். பாம்பன் பக்கம் பார்க்க வேண்டும், ராமேஸ்வரம் பக்கம் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து ஒன்றுமில்லை என்றால்தான் கடக்க வேண்டும். காதை நம்பவே கூடாது. பேசாமல், சைகையால் மட்டும் இதைப் பழகினோம். அந்தப் பெண்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பழகினார்கள்.

இதற்கு மேல் கீமேனையும் வகுப்புக்கு அழைத்தேன். அவர் உப்பூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவர். பெரிய மீசை. தண்டவாளத்திலிருந்து விரட்டிக்கொண்டே இருப்பவர் என்பதால், அவரைக் கண்டாலே ஊரில் பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள்.

"எனக்குப் பேச வராது டீச்சரம்மா. புள்ளைகள வெரட்டத்தான் தெரியும்" என்றார்.

"பேச வேண்டாம் அண்ணே. கொடியைக் காட்டினாப் போதும்."

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குளித்து, துவைத்த காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் வாசலில் நின்றதும் நாலு பிள்ளைகள் என் சேலைக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். அவரும் அவர்களைப் பார்த்துப் பயந்தவர்போல் நின்றார். பிறகு கையிலிருந்த கொடிகளை விரித்தார். பச்சைக் கொடியைக் காட்டியதும் அந்தக் காது கேளாத பெண் எழுந்து நடந்தாள். சிவப்பைக் காட்டியதும் நின்றாள். யாரும் சொல்லித்தரவில்லை, தினம் தண்டவாளத்தில் பார்த்திருக்கிறாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுவதும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயிலாக ஓட, அவர் நடுவில் நின்று கொடி காட்டிக்கொண்டிருந்தார். மீசைக்குப் பயந்தவர்கள் எல்லாம் மீசையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"செவப்பக் காட்டுனா நெசமாவே ரயில் நிக்குமா மாமா?" என்று சட்டாம்பிள்ளை கேட்டாள்.

"நின்னுதான ஆகணும். உள்ள கலெக்டரே ஒக்காந்திருந்தாலும் நிக்கும்."

"நீங்க காட்டுனாத்தானா? யாரு காட்டுனாலுமா?"

"ஆபத்துன்னு யாரு காட்டுனாலும் நிக்கும் தாயி" என்றார் அவர்.

அவர் சொன்ன 'ஆபத்துன்னு' என்ற வார்த்தை அவர்கள் காதில் விழவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. பள்ளி இல்லை. நான் தங்கியிருந்த வீட்டின் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ராமேஸ்வரம் போகும் பாசஞ்சர் வரும் நேரம். திடீரென்று ரயில் நீளமாக ஊதியது. பிறகு இரும்பு தேய்கிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. வழக்கமாகக் கடந்து போகும் சத்தம் வரவே இல்லை.

ஈரக் கையோடு ஓடினேன். உடை மரங்களைத் தாண்டியதும் பார்த்தேன். எங்கள் ஊரில் ஒருநாளும் நிற்காத ரயில், வளைவுக்கு முன்னால் நின்று புகைவிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் எல்லாம் தலைகள். தீர்த்தமாட வந்த வடநாட்டுக்காரர்கள் ராமேஸ்வரம் வந்துவிட்டது என்று நினைத்து மூட்டைகளை இறக்க ஆரம்பித்திருந்தார்கள். என் வகுப்பில் பாதிப் பேர், தண்டவாளத்துக்கு நன்றாகத் தள்ளி, அந்தச் சாய்ந்த உடை மரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். முன்னால் அந்தப் பெண். அவள் கையில் ஒரு கம்பு. கம்பில் யாருடைய அம்மாவுடையதோ ஒரு சிவப்பு உள்பாவாடை.

என்ஜினிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். கரிபடிந்த பெரிய உருவம். "எங்கன மண்ணு மூடிருக்கு?" என்று கேட்டபடியே வந்தார். காற்றுக் காலத்தில் அங்கே மணல் பறந்து வந்து தண்டவாளத்தை மூடுவது உண்டு. அதனால்தான் சிவப்பைக் கண்டதும் சந்தேகப்படாமல் நிறுத்தியிருக்கிறார்.

"எங்கனயும் மூடல" என்றான் ஒரு பையன்.

டிரைவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கம்பைப் பிடித்திருந்த பெண்ணைத் திட்ட ஆரம்பித்தார். நான் போய்ச் சேர்வதற்குள் நிறையத் திட்டிவிட்டார். அவள் அவர் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். சட்டாம்பிள்ளை முன்னால் வந்தாள்.

"அவளுக்குக் காது கேக்காது மாமா. நீங்க எம்புட்டுத் திட்டுனாலும் வீண்தான்."

டிரைவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். சட்டாம்பிள்ளையைப் பார்த்தார். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு வேகமாக நடந்து வந்துவிட்டார். அவர் வெள்ளை உடுப்பில் மணல் பட்ட கோபமும் சேர்ந்திருந்தது.

"யார் இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"கீமேன் மாமா" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். கார்டு அதைக் குறித்துக்கொண்டார். நான் முன்னால் போய், இவர்கள் என் பிள்ளைகள், நான்தான் டீச்சர் என்றேன். என்னையும் குறித்துக்கொண்டார்.

டிரைவர் போய் ஏறிக்கொண்டார். ரயிலைக் கிளப்பப் போகும் நேரத்தில் அந்தப் பெண், சட்டாம்பிள்ளையின் தலையிலிருந்த பச்சைத் துணியை உருவி எடுத்து, முறையாகக் கையை நீட்டிப் பிடித்தாள். டிரைவர் வெளியே எட்டிப் பார்த்தார். ஒருமுறை ஊதினார். ரயில் நகர்ந்தது. அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை கீமேன் பள்ளிக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"புதன்கெழம பாம்பனுக்கு வரச்சொல்லி மெமோ குடுத்திருக்காக டீச்சரம்மா. லைன் இன்ஸ்பெக்டரு விசாரிக்காராம்" என்றார். ஆனால் அவர் கோபப்படவில்லை. "ஒண்ணு சொல்லணும். நான் காட்டியே சில நேரம் ரெண்டு பெட்டி தாண்டித்தான் நிக்கும். இதுக காட்டி அங்கனக்குள்ளயே நின்னுருச்சு" என்றார்.

புதன்கிழமை அவரைத் தனியாகப் போகவிடவில்லை. தலைமையாசிரியரும் நானும் போனோம். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். சட்டாம்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவளுடைய வாப்பாவும் வந்தார். வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசமுமாக, ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்திருந்தார். விசாரணைக்குக் கருவாடு கொண்டுபோகக் கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லி, அதை ஸ்டேஷன் பெஞ்சுக்குக் கீழே வைக்கச் செய்தார். விசாரணை முடியும்வரை பாம்பன் ஸ்டேஷன் பூனைகள் எல்லாம் அந்தப் பெஞ்சைச் சுற்றித்தான் இருந்தன.

லைன் இன்ஸ்பெக்டர் மதுரையிலிருந்து வந்தவர். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டிருந்தார். டிரைவரும் வந்திருந்தார். கீமேன் சுவரோரம் நின்றார்.

"நீங்க என்ன பாடம் நடத்துறீங்க?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"பாதுகாப்புப் பாடம் சார்."

"பாதுகாப்புப் பாடம் நடத்தி ரயிலை நிறுத்தியிருக்கீங்க."

ஓரடி முன்னால் போய்ச் சொன்னேன். "பிள்ளைங்க தண்டவாளத்துல கால் வைக்கலை சார். நான் காட்டிக்கொடுத்த மரத்துக்கு இந்தப் பக்கமே நின்னாங்க. டிரைவரைக் கேளுங்க."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அது உண்மைதான் சார். எட்ட நின்னு முறைப்படிதான் காட்டுச்சுங்க. சும்மா நிறுத்தினதுதான் தப்பு."

இன்ஸ்பெக்டர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா நிறுத்தினீங்க?"

சட்டாம்பிள்ளை வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் சொன்னாள்:

"எங்களுக்கெல்லாம் ரயிலு சத்தம் கேக்கும். இவளுக்குத் தரைதான் அதிரும். அதான் கிட்டப் போயிப் பாக்கணும்னு ஓடிக்கிட்டே இருக்கா. நிக்கிற ரயில ஒருதடவ தொட்டுப் பாத்துட்டான்னா பெறகு ஓடமாட்டான்னு நெனச்சோம். எங்க ஊருல ரயிலு நிக்காதுல்ல. அதான் நிப்பாட்டுனோம்."

எனக்கும் அந்தக் காரணம் அப்போதுதான் தெரியும். சும்மா விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொட்டுப் பாத்தாளா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இல்ல. அதுக்குள்ள இவரு திட்ட ஆரம்பிச்சுட்டாரு."

டிரைவர் வெளியே பார்க்க ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கீமேனை, இனிமேல் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது முழுசாகச் சொல்லித்தர வேண்டும் என்று வாய்மொழியாக எச்சரித்து விட்டுவிட்டார். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். காரணமில்லாமல் சிவப்புக் காட்டினால், ஒருநாள் உண்மையாகவே ஆபத்து வரும்போது டிரைவர் நம்பமாட்டார் என்பதைப் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் நான் சொல்ல வேண்டும். அதை அந்த வாரமே சொன்னேன். காது கேளாத பெண்ணுக்குச் சட்டாம்பிள்ளை சைகையில் சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, அவள் அழுதுவிட்டாள். பிறகு எல்லோரும் சேர்ந்து அவளைச் சிரிக்கவைக்க வேண்டியதாயிற்று.

ஊரில் அதற்குப் பிறகு யாரும் தண்டவாளத்திலிருந்து தெரியும்படி சிவப்புத் துணி காயப்போடவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் பந்தலில் சிவப்புத் தோரணம் கட்டியபோதுகூட, ரயில் வரும் நேரம் பார்த்து அவிழ்த்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஒருநாள் வகுப்பையே தங்கச்சிமடம் ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப் போனேன். கீமேன் முன்னால், நான் பின்னால். அங்கே பாசஞ்சர் நிற்கும். அதே டிரைவர் இறங்கி வந்தார். அந்தப் பெண்ணைத் தூக்கி என்ஜினுக்குள் நிறுத்தி, சூடில்லாத இடம் பார்த்து அவளுடைய இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். பிறகு என்ஜினை ஊதவிட்டார். நாங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். அவள் பொத்தவில்லை. அவள் தோள் வரை நடுங்கியது. கண் அகல விரிந்தது. இறங்கி வந்ததும் கையை நெஞ்சில் வைத்து, திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினாள். நெஞ்சு துடிப்பதுபோல இருக்கிறது என்று எனக்குச் சட்டாம்பிள்ளை விளக்கினாள். அதற்குள் மற்ற பிள்ளைகளும் தொட வேண்டும் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள். ரயில் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பியது. கார்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் எதையும் குறிக்கவில்லை.

அவள் தண்டவாளத்துக்குப் போவது நின்றுவிட்டதா என்றால், நிற்கவில்லை. ஆனால் ஓடுவது நின்றது. மரத்தருகே நின்று இரண்டு பக்கமும் பார்ப்பாள். ரயில் போகும்வரை கை காட்டிக்கொண்டு அங்கேயே நிற்பாள். அந்த டிரைவர் வரும் நாட்களில் அவரும் கை காட்டுவார். அவள் அம்மா அதற்குப் பிறகு நிம்மதியாகக் கருவாட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வருடக் கடைசியில் அவளுடைய அம்மா ஒருநாள் பள்ளிக்கு வந்தாள். கையில் வாழையிலையில் சுற்றிய பணியாரம். முகத்தில் ஒரு குழப்பம்.

"டீச்சர், வீட்டுல இவ கையாலயே என்னென்னமோ பேசுறா. எனக்கும் அவங்க அப்பாவுக்கும் நெறையாப் புரிஞ்சுபோச்சு. சண்டையே கையால போடுறோம். ஒண்ணு மட்டும் விளங்கல. ராத்திரி சோறு திங்கிறப்ப, படுக்கிறப்ப, இதத்தான் பண்ணுறா" என்று சொல்லி, ஆள்காட்டி விரலால் மூக்கின் நுனியைத் தேய்த்து, பிறகு தும்முவதுபோல் தலையை ஆட்டிக் காட்டினாள். "மூக்குல ஏதும் வலியான்னு ஆயிசம்மாகிட்டகூடக் காட்டிட்டேன். ஒண்ணும் இல்லைன்னுட்டாக."

வகுப்பைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். சட்டாம்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவளும் சொல்ல மாட்டேன் என்றாள். கொஞ்சம் வற்புறுத்தியபிறகு, "நீங்க கோவப்படக் கூடாது" என்றாள்.

"படமாட்டேன்."

"சாக்பீஸ் தூசி பட்டா நீங்க எப்பவும் மூக்கத் தேய்ச்சிட்டுத் தும்முவீங்கள்ல டீச்சர். அது ஒங்க பேரு."

அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு பணியாரத்தை என் மேசையில் வைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப ராத்திரியெல்லாம் இவ ஒங்களப் பத்தியா பேசுறா?"

அந்தப் பெண் தன் இடத்திலிருந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. எழுந்து நின்று, வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி, மூக்கைத் தேய்த்து நன்றாக ஒருமுறை தும்மிக் காட்டினாள்.